கண்ணாடியின் உள்பக்கம்

மந்தைவெளியில் ஜவஹரைத் தேடிப் போகிறவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு போவதில்லை. ரயில் நிலையத்திலிருந்து இறங்கி, மருந்துக்கடையைத் தாண்டினால், மாவு மில்லை ஒட்டி ஒரு ஷட்டர் கடை. பலகையில் கடைப் பெயரைவிடத் தொலைபேசி எண்தான் பெரிது. உள்ளே ஐந்து ஃப்ரீசர் பெட்டிகள் கிடக்கும். வீட்டில் யாராவது இறந்துபோய், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை உடம்பைக் கெடாமல் வைத்திருக்கிறார்களே, அந்தக் கண்ணாடி மூடிப் பெட்டிகள்தான். பெட்டியைக் கொண்டுபோய் இறக்குவது, ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுப்பது, குளிர் சரியாக நிற்கிறதா என்று ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பது, எல்லாம் முடிந்ததும் கழுவித் துடைத்துத் திரும்பக் கொண்டுவருவது. இருபது வருடமாக ஜவஹருக்கு இதுதான் வேலை. மயிலாப்பூரில் அவன் கால் படாத தெரு இல்லை. ஆனால் ஒரு வீட்டிலும் அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டான், அது வேறு விஷயம்.

வயது நாற்பத்தாறு. கட்டை குட்டையான ஆள். மார்கழியிலும் வியர்க்கிற உடம்பு. தோளில் எப்போதும் ஒரு பழைய துண்டு இருக்கும். அதில்தான் முகத்தையும் துடைப்பான், பெட்டிக் கண்ணாடியையும் துடைப்பான். அவன் பெண்டாட்டி பொன்மணி இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பனிப்பிரதேசத்து மிருகங்கள்மேல் ஒரு பைத்தியம் பிடித்தது என்றால் நம்பவா தோன்றும்? ஆனால் பிடித்தது. முதலாளி நூர் முஹம்மது பாய் கடையில் ஒரு டிவி மாட்டியிருந்தார். ஒரு மே மாதம் மத்தியானம், யாரும் சாகாமல் கடை ஓய்ந்து கிடந்தபோது, ஜவஹர் சேனலை மாற்றிக்கொண்டே போனான். தமிழில் பேசும் ஒரு மிருகப் படம் வந்தது. திரை முழுக்க வெள்ளை. ஆயிரக்கணக்கான பென்குவின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்றன. எல்லாம் ஆண்கள். காலின் மேல் ஒரு முட்டை, அதன்மேல் வயிற்று மடிப்பு. இரண்டு மாதம் சாப்பாடு கிடையாது, உட்காருவது கிடையாது. பொண்டாட்டி கடலுக்குப் போயிருக்கிறாள், வரும்வரை நிற்க வேண்டும். ஜவஹர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். படம் முடிந்தபோது அன்றைக்குத்தான் முதல்முறையாக உடம்பு வியர்க்கவில்லை என்று பாயிடம் சொன்னான்.

அதற்கப்புறம் விட்டானா? ஒரு படம் பாக்கியில்லை. பனிப்பாளத்தில் சீல் என்ற கடல்நாய் தலைநீட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில் அரை நாள் அசையாமல் படுத்திருக்கும் வெள்ளைக்கரடி, பனிக்குள் ஓடும் எலியின் சத்தத்தைக் கேட்டுத் தலைகீழாகப் பாயும் நரி என்று எல்லாமே அவனுக்கு அத்துப்படி. கூட்டாளிகள் 'பென்குவின்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாவு வீட்டில் மூலையில் பயந்து உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய்ப் பென்குவின் நடந்து காட்டுவான். அழுதுகொண்டிருந்த பெரியவர்களே அதைப் பார்த்துப் புடவைத் தலைப்புக்குள் சிரித்தது உண்டு. நல்ல மனுஷன், சும்மா சொல்லக்கூடாது.

அவனுடைய அக்கா அன்புக்கரசி இறந்தது இரண்டாயிரத்துப் பதினாறு, மே மாதம்.

அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அக்காதான். அடையாற்றுக் கரையில், வெள்ளம் வந்து போன அடையாளம் சுவரில் இடுப்பளவுக்கு இருக்கும் ஓர் அறைதான் அவளுடைய வீடு. சர்க்கரை வியாதி. பிறகு சிறுநீரகம். கடைசி மாதத்தில் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. அன்று விடிகாலை மூச்சு நின்றது. தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். எட்டு மணிக்கே வெயில் ஆளைக் கொளுத்தியது. வேறு யாரையும் அனுப்ப ஜவஹருக்கு மனம் வரவில்லை. அக்காவுக்குப் பெட்டி அவனே கொண்டுவந்தான். அவனே கரண்ட் கொடுத்தான்.

இந்த இடத்தில் தொழில் விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். பெட்டிக் கண்ணாடியில் ஈரம் படியும். சென்னைக் காற்றில் அது இயல்பு. வெளிப்பக்கம் படிந்தால் துண்டால் துடைத்தால் போய்விடும். உள்பக்கம் படிவது முதல் ஒரு மணி நேரம்தான். உடம்பில் மிச்சமிருக்கும் சூடு கண்ணாடி முழுக்கப் பரவும், பிறகு அடங்கிவிடும். அதற்குமேல் உள்ளே ஈரம் வந்தால், யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள், வெளிக்காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இது அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

அக்காவின் பெட்டியில் ஈரம் வந்தது பன்னிரண்டு மணிக்கு. நாலு மணி நேரம் கழித்து. கண்ணாடி முழுக்க இல்லை. வாய்க்கு நேரே மட்டும், ஒரு சின்ன வட்டம்.

அவன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். அக்கா புருஷன் சுப்புராயன் காலடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஜெயபாரதி அக்காள்தான் முதலில் பார்த்துவிட்டு, என்னப்பா இது, மூச்சு விட்ட மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

"மெஷின் ஈரம்க்கா அது. அப்டித்தான் வரும்," என்றான் ஜவஹர்.

சொல்லிவிட்டுத் துண்டால் துடைத்தான். போகவில்லை. உள்பக்கம். கொஞ்ச நேரத்தில் தானாகச் சுருங்கி மறைந்தது. கால் மணி கழித்து மறுபடி வந்தது, மறைந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. வெயிலுக்குப் பெட்டி திணறுகிறது என்று சொல்லி, பின்னால் போய்க் குமிழைக் கடைசிவரை திருப்பிக் குளிரை ஏற்றினான். அதற்கப்புறம் வரவில்லை. பார்த்தீர்களா, சரியாகிவிட்டது என்று கூட்டத்துக்குச் சொன்னான். அந்தத் துக்கத்திலும் தொழில் தெரிந்தவன் என்ற சின்ன கர்வம் அவனுக்கு இருந்தது. நாலு மணிக்கு எடுத்தார்கள். ஆறு மணிக்குள் எரித்தாகிவிட்டது.

மூன்று வருடம் அதை அவன் நினைக்கக்கூட இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வடதுருவத்து ஓரத்துக் காடு. பென்குவின் இல்லை, கரடி இல்லை. ஒரு தவளை. உள்ளங்கையில் அடங்குகிற பழுப்புத் தவளை, இலைக் குப்பைக்குக் கீழே கல்லாகக் கிடந்தது. ஓர் ஆள் அதை எடுத்து மேஜையில் தட்டினார். டொக்கென்று சத்தம் கேட்டது. கண்ணே பனியாகி வெளுத்திருந்தது. அப்போது அந்தப் பின்னணிக் குரல், ஜவஹர் வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய அதே ஆண் குரல், நிதானமாகச் சொன்னது: "இதன் இதயம் நின்றுவிட்டது. மூச்சும் இல்லை. ஆனால் இது சாகவில்லை."

வசந்தம் வந்தது. பனி உருகியது. தவளையின் தொண்டை ஒருமுறை துடித்தது. பிறகு இன்னொரு முறை. பிறகு அது காலை இழுத்துக்கொண்டு நகர்ந்து போயிற்று.

ஜவஹரின் கையில் இருந்த டீ ஆறிப்போனது. பாய் வந்து தோளைத் தொட்டபோதுதான் நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போய், தவளையைப் பற்றிப் பொன்மணியிடம் சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அக்காவின் வாய்க்கு நேரே இருந்த வட்டம் அவன் கண்ணுக்குள் வந்துவிட்டது. நாலு மணி நேரம் கழித்து ஏன் வந்தது? மூடியை யாரும் திறக்கவில்லையே. தலைமாட்டில் நின்றது நான்தானே.

பயந்தான். பச்சையாகச் சொல்வதானால் நடுங்கிப் போனான். அக்கா உயிரோடு இருந்தாளா, நான்தான் குளிரை ஏற்றி அவளைக் கொன்றேனா? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? டாக்டரிடம் கேட்டால் சிரிப்பார். பொன்மணியிடம் கேட்டால் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பாள். மாமா சுப்புராயனிடம் கேட்க வாயே வராது. உன் பெண்டாட்டியை உயிரோடு பெட்டியில் வைத்துவிட்டேனோ என்று எந்த மனுஷன் இன்னொரு மனுஷன் முகத்தைப் பார்த்துக் கேட்பான்?

படம் பார்ப்பதையாவது நிறுத்தினானா என்றால் அதுவும் இல்லை. முன்பைவிட அதிகமாகப் பார்த்தான். முன்பு ஆசையாகப் பார்த்தவன் இப்போது திருடனைப்போல் பார்த்தான். இன்னொரு படத்தில் வடதுருவத்துத் தரை அணில் ஒன்று வந்தது. குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறைந்து கிடக்கும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடம்பு உதறி எழுந்து மூச்சு விட்டுவிட்டு மறுபடி அடங்கிவிடும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டபிறகு இரண்டு நாள் அவன் சோறு தின்னவில்லை. மனுஷன் தவளை இல்லை, அணில் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். பகலில் தெரியும், பத்துப் பேர் நடுவில் நிற்கும்போது தெரியும். பெட்டிக்கு முன்னால் தனியாக முட்டி போட்டு உட்காரும்போது தெரியாமல் போய்விடும்.

அவன் வேலை செய்யும் விதமே மாறியது. பெட்டியை இறக்கியதும் உடனே கரண்ட் கொடுக்க மாட்டான். வண்டியில் குலுங்கி வந்த மெஷின், ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் போய்விடும் என்பான். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் இருக்கும். அந்த ஒரு மணி நேரமும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பான். யாரும் பார்க்காதபோது மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பான். ஒரு வீட்டில் செத்துக் கிடந்த அம்மாவின் காதருகே குனிந்து, "எம்மா, கேக்குதா?" என்று மெல்லக் கேட்டிருக்கிறான். அந்த வீட்டு மருமகள் பார்த்துவிட்டு, எங்கள் அத்தைக்கு இவன் யார் என்று சொந்தக்காரர்களிடம் விசாரித்தாள்.

இப்படியே ஐந்து வருடம் ஓடியது.

போன வருடம் ஆவணியில் மயிலாப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்கு வீட்டின் முதல் மாடி. கிச்சா என்று தெருவே கூப்பிடுகிற கிருஷ்ணமூர்த்தி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எண்பத்தொரு வயது. காலையில் காப்பி கொடுக்கப் போன ஜானு மாமி எழுப்பினாள், எழுந்திருக்கவில்லை. குடும்ப டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளை பரத்வாஜ் கனடாவிலிருந்து கிளம்பி வருவதற்கு இரண்டு நாள் ஆகும். வந்த பந்துக்களைக் கவனித்துக்கொண்டவள் கிச்சாவின் அண்ணன் மகள் ஷ்ரேயா. காதில் போனும் கையில் லிஸ்ட்டுமாக வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

ஜவஹர் புதுப் பெட்டியைக் கொண்டுபோயிருந்தான். மூடி ஒரு பக்கம் கீல் வைத்தது, ஒரு கையால் தூக்கலாம். வழக்கப்படி ஒரு மணி நேரம் ஆறவிட்டான். மணிக்கட்டைத் தொட்டான், மூக்கைப் பார்த்தான். ஒன்றுமில்லை. திருப்தியாகக் கரண்ட் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் மூணேகாலுக்குக் குளிர் பார்க்கப் போனபோது கூடத்தில் ஒருவரும் இல்லை. சாவு வீட்டில் உலை வைக்க மாட்டார்கள் என்பதால் எல்லோரும் எதிர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது. தலைமாட்டு விளக்கு எரிந்தது. அதோடு டிவியும் ஓடிக்கொண்டிருந்தது.

சாவு வீட்டில் டிவியா என்று திகைத்தவன் திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். வெள்ளை. தென்துருவத்துப் பனிப் பாளம், கண்ணுக்கெட்டிய மட்டும். நடுவில் ஒரு கறுப்பு ஓட்டை. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள், ஆனாலும் அந்தக் குரல் அவனுக்குத் தெரிந்தது. பனிக்கு அடியில் நீந்தும் சீலுக்கு மூச்சு விட இந்த ஒரு ஓட்டைதான், பனி மூடிவிடாமல் பல்லால் சுரண்டிச் சுரண்டித் திறந்து வைத்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஓட்டையில் தண்ணீர் ததும்பியது. ஒரு மூக்கு வந்தது. மூச்சு புகையாக எழும்பியது.

ஜவஹர் முட்டி போட்டுப் பெட்டியின் குளிர் அளவைப் பார்த்தான். சரியாக இருந்தது. நிமிர்ந்தான்.

கண்ணாடியில், கிச்சாவின் வாய்க்கு நேரே, ஒரு சின்ன வட்டம்.

துண்டை எடுத்தான். துடைத்தான். போகவில்லை. விரலால் தேய்த்தான். விரல் ஈரமாகவில்லை. உள்பக்கம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி ஒரு பொட்டாகி மறைந்தது. கண்ணாடிக்குக் கீழே கிச்சா நெற்றியில் விபூதியோடு அமைதியாகக் கிடந்தார். டிவியில் சீல் மறுபடி மூச்சு விட்டது.

பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தான். நமக்குத்தான் மூளை குழம்பிவிட்டது, தவளையும் அணிலும் சேர்ந்து பைத்தியமாக்கிவிட்டன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தான். ஜானு மாமி பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு, டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணாடியைப் பார்த்தான். வட்டம் இருந்தது. முன்பைவிடப் பெரிதாக.

ஜவஹர் யோசிக்கவே இல்லை. பாய்ந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். அக்காவுக்குச் செய்யாததை இந்த மனுஷருக்காவது செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் அப்போது அவன் மண்டையில் இருந்தது.

பெட்டியின் உறுமல் நின்றதும் வாசலிலிருந்து ஷ்ரேயா ஓடி வந்தாள். என்ன ஆச்சு, ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டாள். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். எதற்கு என்று கேட்டபோது கண்ணாடியைக் காட்டினான். அதற்குள் வட்டம் போய்விட்டிருந்தது. எதிர் வீட்டிலிருந்து கைகூடச் சரியாக அலம்பாமல் ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். குடித்திருக்கிறானா என்று ஒருவர் அவன் வாயருகே வந்து மோந்து பார்த்தார். அவன் நகரவில்லை. பிளக்கைக் கையில் இறுகப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றான். அடித்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டான்.

கடைசியில், அதே தெருவில் இருந்த குடும்ப டாக்டரை ஷ்ரேயாதான் வரவழைத்தாள். அவர் மூடியைத் திறந்து, மார்பில் குழாய் வைத்து, வெகுநேரம் கேட்டார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கையை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. பிறகு ஜவஹரை அழைத்து அவன் விரலைப் பிடித்துக் கிச்சாவின் கழுத்தில் வைத்தார். இரும்பைத் தொட்டது மாதிரி இருந்தது. இவர் போய் ஒன்றரை நாளாயிற்று, எந்தச் சந்தேகமும் வேண்டாம் என்று கோபப்படாமல் சொன்னார். நல்ல டாக்டர். ஜவஹர் தலையாட்டினான், பிளக்கைத் திரும்பச் சொருகினான், எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். முதலாளியிடம் சொல்கிறோம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

படியிறங்கப் போனவனை மாமி பின்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"நான்தான்ப்பா தெறந்தேன்," என்றாள். "அவருக்குக் கண்ணு போய் ரெண்டு வருஷமாச்சு. மூணு மணியானா அந்தப் பனிப் படம் போட்டே ஆகணும். நான் பக்கத்துல ஒக்காந்துண்டு என்ன வரதுன்னு சொல்லிண்டே இருப்பேன், கரடி வரது, குட்டி பின்னாடியே வரதுன்னு. மூடியிருந்தா அவர் காதுல எப்டி விழும்? அதான் லேசாத் தூக்கிண்டு, குனிஞ்சு சொன்னேன். நீ வர சத்தம் கேட்டு மூடிட்டு உள்ள போயிட்டேன், நீ பின்கட்டுக்குப் போனதும் மறுபடி வந்து தெறந்தேன். தப்பா?"

ஜவஹர் அவளையே பார்த்தான். அவள் மூச்சு. மூடியைத் தூக்கி, முகத்துக்கு நேரே குனிந்து அவள் பேசிய பேச்சின் ஈரம். இவ்வளவுதானா?

"தப்பில்ல மாமி," என்றான். "நீங்க சொல்லுங்க. நான் வாசல்ல நின்னுக்கறேன், யாரும் வரமாட்டாங்க."

அப்படியே வாசலில் நின்றான். உள்ளே மாமியின் குரல் சன்னமாகக் கேட்டது, சீல் குட்டி தண்ணியில் குதிக்கப் பயப்படுகிறது என்று. ஜவஹருக்கு அழுகை முட்டியது. ஐந்து வருடத்துக்கு அப்புறம் முதல்முறையாக நெஞ்சில் ஒரு இடம் காலியான மாதிரி இருந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள்! அக்காவின் பெட்டியையும் யாரோ திறந்திருக்கலாம் அல்லவா? ஒரு நிமிடம் அவன் எங்காவது திரும்பியிருப்பான், யாராவது பாசத்தில் திறந்து முகத்தைத் தொட்டிருப்பார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். கேட்க ஒரே ஆள்தான் இருந்தார்.

கிச்சாவை எடுத்த மறுநாள் சாயங்காலம் ஜவஹர் நந்தனத்துக்குப் போனான். அரசாங்கம் ஆற்றங்கரையைக் காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டபிறகும், சுப்புராயன் தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்துக்குக் காவல் இருந்தார். அறுபத்தைந்து வயது. நீலச் சட்டை தோளில் தொங்கியது. மச்சானைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். எதிர் மைதானத்திலிருந்து பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள். பொன்மணி எப்படி இருக்கிறாள், முட்டி வலி தேவலையா என்று கேட்டார்.

ஜவஹர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டான்.

"மாமா, அக்காவ வச்சிருந்தப்போ பொட்டிய யாருனா தொறந்தாங்களா?"

சுப்புராயன் ஒரு வாய் டீ குடித்தார்.

"நான்தான்டா தொறந்தேன்," என்றார். "கம்மலக் கயட்டலாம்னு. அப்பால மனசு வரல, வுட்டுட்டேன். இன்னாத்துக்குக் கேக்குற?"

ஜவஹருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டினான், தவளை, அணில், மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்த வீடுகள், மயிலாப்பூர் மாமி, எல்லாம். மூன்று தடவை அந்த வட்டம் வந்ததையும் தான் குளிரை ஏற்றியதையும் சொன்னான். சுப்புராயன் குறுக்கே பேசாமல் கேட்டார். முட்டாப்பயலே, இதையா இத்தனை வருடம் வயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாய் என்று அவன் முதுகில் தட்டினார். இன்னொரு டீ வந்தது. வெயில் இறங்கிக் காற்று லேசாக வீசியது. இனி ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டியதில்லை, பெட்டியை இறக்கியதும் கரண்ட் கொடுக்கலாம் என்றுகூட அவனுக்கு நினைப்பு ஓடியது.

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, சத்தியமாக இல்லை. சந்தோஷத்தில், அந்த நிமிடத்தை இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கும் ஆசையில்தான் கேட்டான்.

"நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேனே, எப்டி மாமா தொறந்தே?"

"நீ அப்டி திரும்புன, நான் இப்டித் தூக்கிப் பாத்துட்டு மூடிட்டேன்," என்ற சுப்புராயன் செய்தும் காட்டினார். ஒரு கை. டிரங்குப் பெட்டியின் மூடியைத் தூக்குகிற மாதிரி, லேசாக, மேல்நோக்கி.

ஜவஹர் அந்தக் கையையே பார்த்தான். அக்காவுக்குக் கொண்டுபோனது பழைய மாடல் பெட்டி. ஆறுதல் தேடிய அவசரத்தில் அவனுக்கே அது மறந்துபோயிருந்தது. அதன் மூடி தனி. கனமான இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடி. தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக இரண்டு பேர் பிடித்துத் தூக்கிக் கீழே இறக்கி வைத்தால்தான் உண்டு. ஒற்றை ஆளால் ஒரு விரற்கடைகூட நகர்த்த முடியாது.

"மாமா," என்றான். "அந்தப் பொட்டிக்குக் கீலே கெடையாது."

சுப்புராயனின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல மடிக்கு வந்தது. சிக்னலில் நின்றிருந்த பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்தார்.

"நானும் பாத்தேன்டா," என்றார் கடைசியில். "உன் மூஞ்சியப் பாத்தேன். நீ தொழில் தெரிஞ்சவன், ஒண்ணுமில்லன்னு நீயே சொல்ற. சரின்னு வுட்டுட்டேன். என்னிக்கினா நீ வந்து கேப்பேன்னு தெரியும். அதுக்குதான் கம்மலு கதைய ரெடியா வச்சிருந்தேன்."

ஜவஹர் வாயைத் திறந்தான். மூன்று தடவைதானே மாமா, குளிரை ஏற்றியதும் நின்றுவிட்டதே, மெஷின் கோளாறாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்ல வந்தான். அவரிடம் சொல்வதற்கு அவனுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

சுப்புராயன் தலையை ஆட்டினார்.

"மூணு இல்லடா, நாலு. நீ பின்னால போய்க் குளிர ஏத்தறப்போ நாலாவது வாட்டி வந்துச்சி. பெருசா வந்துச்சி. அதுக்கப்பறம்தான் வரல."